சேலம் சுற்றிச் சென்னைக்கு இரண்டு டிக்கெட்

சின்னசேலம்
6.8.2025

அன்புள்ள மருமகள் அபிநயாவுக்கு, உன் தாய்மாமன் கொளஞ்சிநாதன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ மெட்ராசுக்கு வேலைக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கே உன் அம்மாவிடம், "அக்கா, இந்தப் பொண்ணு திரும்பி வரும்போது ஒண்டியா வராது பாரு" என்றேன். பையன் மலைப் பக்கத்து ஆளாக இருப்பான் என்றேன். உன் அப்பா நாராயணசாமி தரையில் நிற்காமல் குதிப்பார் என்றேன். மூன்றும் பலித்துவிட்டது. இப்போது தெருமுனை ஜோசியக்காரன் என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறான்.

போன் வேண்டாம், கடிதம் போடு என்று சொல்லியிருந்தாய். நான் போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கிறதாம். அது குரல் வளம், என் தப்பில்லை. ஆனால் அந்த நாலு வீட்டில் ஒன்று உன் அப்பா வீடு என்பதால் ஒத்துக்கொள்கிறேன். பதிலைச் சைக்கிள் கடை பச்சமுத்து முகவரிக்குப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். 21ஆம் தேதி மத்தியானம் உனக்கும் தமிழ்வேந்தனுக்கும் பதிவுக் கல்யாணம், அம்மா மட்டும் பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. முறம் அப்படியே நின்றுவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, "வரேன்னு எழுதுடா. ஆனா அவரு வூட்டுக்கு வர்றதுக்குள்ள நான் வூட்டுல இருக்கணும்" என்றது.

அன்றைக்கு உன் அப்பா களமருதூரில் அவருடைய அக்கா நிலத்து அறுப்புக்குப் போகிறார். விடியலில் போனால் இருட்டித்தான் வருவார். அந்த ஒரு பகலுக்குள் சென்னை போய்த் திரும்ப உலகத்திலேயே ஒரே வழிதான். வந்தே பாரத்! சேலத்தில் காலையில் ஏறினால் மத்தியானம் சென்னை. சாப்பிட்ட கை காய்வதற்குள் அங்கிருந்து திரும்பிவிடும். நான் ஏழு தரம் போயிருக்கிறேன். ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கம், ஒரு தரம் ஆரனைக்கூட அமுக்கிப் பார்க்க விட்டார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஜன்னலில் எருமை மாடு தெரிந்தால், அது எருமை என்று நாம் முடிவு கட்டுவதற்குள் ஊரே மாறிவிடும்.

எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுக்கப் போகிறேன். நீ தைரியமாக இரு.

இப்படிக்கு
கொ. கொளஞ்சிநாதன்


பெரம்பூர், சென்னை
10.8.2025

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. அம்மா வருகிறாள் என்ற வரியைத் தமிழ்வேந்தனிடம் சத்தமாகப் படித்தேன். அவன் வெள்ளிமலையில் இருக்கும் தன் அப்பாவுக்கு உடனே சொல்ல வேண்டுமென்று சிக்னல் கிடைக்கும்வரை விடாமல் முயன்றான்.

அதன் பிறகு அந்த ரயிலின் கட்டணத்தைப் பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பேர் போகவர எவ்வளவு என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டு வாடகையில் பாதி! கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் அதில் கால்வாசிகூட ஆகாது. அதைவிட ஆச்சரியம், சென்னை உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. நீங்கள் மேற்கே சேலத்துக்குப் போய், அங்கே காத்திருந்து, அப்புறம் சுற்றிக்கொண்டு வரப் போகிறீர்கள். கூட்டிக் கழித்தால் பஸ் ஆகும் அதே நேரம்தான் ஆகிறது. அவ்வளவு பணம் கொடுத்து என்ன மிச்சம் பிடித்தீர்கள்?

வந்தாலும் அம்மா இங்கே இரண்டு மணி நேரம்தான் இருக்கப் போகிறாள். அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு புடவை எடுக்கலாம் மாமா. நன்றாக யோசியுங்கள்.

அபிநயா


சின்னசேலம்
14.8.2025

அபிநயாவுக்கு,

மேற்கே போகிறேன், கிழக்கே போகிறேன் என்று எனக்கே திசை சொல்லிக் கொடுக்கிறாய். நல்லது. உன் அம்மா பஸ்ஸில் எப்படிப் போகும் என்பதை மறந்துவிட்டாயா? தியாகதுருகம் மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது கண்டக்டரே இறங்கி நடந்து வந்தாரே! சேலம் வரைக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு எலுமிச்சம்பழத்தில் சமாளிக்கலாம். சென்னை வரைக்கும் என்றால் ஒரு தோப்பு வேண்டும். வாந்தி எடுத்து வாடிப்போன முகத்தோடு அக்கா உன் கல்யாணத்தில் நிற்க வேண்டுமா? இன்னொன்று, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் உன் அப்பாவைத் தெரியாத ஒரு ஆளைக் காட்டு.

கட்டணம் விஷயமாகக் கடைத்தெருவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பச்சமுத்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டான். "இன்னா நாயம் இது? மெதுவா போற ரயில்ல ஜாஸ்தி நேரம் உக்காந்துகினு போறோம், கம்மி காசு. வேகமா போறதுல கம்மி நேரம் உக்கார்றோம், ஜாஸ்தி காசு. உக்கார்ற நேரத்துக்குத்தானய்யா காசு வாங்கணும்?"

"டேய், அதுல சோறு போடுறாங்கடா" என்றேன்.

"சோறு எங்க வூட்லயும்தான் போடுறாங்க."

ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கடைசியில் நான் ஒரே போடாகப் போட்டேன். "பெத்த பொண்ணு கல்யாணத்தப் பார்த்துட்டு, ராத்திரி புருசனுக்குச் சோறு போட வூட்டுக்கு வந்து நிக்கிறதுக்கு இன்னா கட்டணம்னு நீ சொல்லு." பச்சமுத்து பஞ்சரைப் பார்க்கத் திரும்பிவிட்டான். (யாருடைய பொண்ணு என்று சொல்லவில்லை, பயப்படாதே.)

டிக்கெட் எடுத்துவிட்டேன். போக இரண்டு, வர இரண்டு. உண்மையைச் சொன்னால், தொகையைக் கேட்டதும் எனக்கே காது அடைத்துவிட்டது. அக்காவிடம் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே, "அடேயப்பா" என்று நெஞ்சில் கை வைத்தது. நீ உளறிவிடாதே.

கொளஞ்சிநாதன்


பெரம்பூர்
23.8.2025

மாமா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

கல்யாணத்தன்று காலை நான் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது. "கதவு... அக்கா... செருப்பு..." மூன்று வார்த்தைதான் புரிந்தது. பிறகு ஓவென்று அழுகை. அம்மா தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். என் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. தமிழ்வேந்தன் எடுத்து உங்களை அதட்டிக் கேட்ட பிறகுதான் அம்மா உள்ளே இருக்கிறாள், நீங்கள்தான் வெளியே இருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

ஏழு தரம் போனவருக்கு அந்த ரயில் கதவு தானாக மூடிக்கொள்ளும் என்று தெரியாதா மாமா?

பட்டுப்புடவையோடு சென்ட்ரலுக்கு ஓடினோம். அம்மாவுக்கு மெட்ராஸ் தெரியாது, கையில் போன் கிடையாது, தனியாகக் கள்ளக்குறிச்சி சந்தைக்குக்கூடப் போனதில்லை. ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. எங்கேயோ அழுதுகொண்டு வரப்போகிறாள் என்று நான் தேடினால், அவள் வெறுங்காலோடு, இரண்டு தண்ணீர் பாட்டிலும் இரண்டு ஜூஸ் டப்பாவும் மார்போடு அணைத்துக்கொண்டு, ராணி மாதிரி இறங்கி வருகிறாள்.

"செருப்பு எங்கம்மா?"

"சேலத்துல கெடக்குது. உள்ள கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்குது. செருப்போட எப்புட்றி ஏர்றது? வாசல்ல உட்டுட்டு ஏறினேன். உன் மாமன் அத எடுக்கறேன்னு எறங்கினான், கதவு சாத்திக்கிச்சி."

"பயமா இல்லையா?"

"மொதல்ல பயந்துதான் போனேன். டிக்கெட் பாக்க வந்தவரு பேரு கேட்டாரு, சொன்னேன், போயிட்டாரு. அப்புறம் தட்டுல சாப்பாடு கொண்டாந்தாங்க. பக்கத்து சீட்டு ஆளு எங்கன்னு கேட்டான். பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லி அந்தத் தட்டையும் வாங்கிக்கினேன்."

இரண்டு தட்டையும் சாப்பிட்டிருக்கிறாள் மாமா! எதிரே இருந்த ஒரு பெண் உண்மையான கட்டணத்தைச் சொல்லிவிட்டாளாம். "வாயில வச்ச இட்லி தொண்டைல நின்னு போச்சிடி. அந்தக் காச நெனச்சிதான் அவன் தட்டையும் முடிச்சேன்" என்கிறாள்.

பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் செருப்பு வாங்கலாம் என்று தமிழ்வேந்தன் நின்றான். "அது கெடக்குது, மொதல்ல கையெழுத்து" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். நான் கையெழுத்துப் போடும்போது என் முதுகில் அவள் கை இருந்தது. அதுவரை நான் அழவில்லை.

இனிமேல் எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அவளைத் திரும்ப சென்ட்ரலுக்குக் கூட்டிப்போனோம். ரயில் கதவு திறந்து நின்றது. அம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"நான் போவலடி" என்றாள்.

நான் கெஞ்சினேன். அப்பா வந்துவிடுவார் என்றேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மூடியது. ரயில் போயே விட்டது. கொத்தமல்லிக் காம்பைக்கூடக் குப்பையில் போடாத அம்மா, அவ்வளவு ரூபாய் டிக்கெட் கண்முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி போகவில்லை. உங்களுக்குச் சொல்ல அன்று சாயங்காலம் முழுக்கப் போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கவே இல்லை.

இப்போது உள்ளே தூங்குகிறாள். அங்கே என்ன நடக்கிறது? அப்பா என்ன சொன்னார்?

அபிநயா


சின்னசேலம்
26.8.2025

அபிநயாவுக்கு,

உன் கடிதத்தைப் பச்சமுத்து கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு டயர் மேல் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன்.

முதலில் அந்தக் கதவு விஷயம். நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் பிளாட்பாரம் கடைசிவரை ரயிலோடு ஓடினேன். ஒரு கட்டத்தில் நானும் ரயிலும் சரிசமமாகப் போனோம். இன்னும் கொஞ்சம் பிளாட்பாரம் இருந்திருந்தால் முந்தியிருப்பேன். அப்புறம் சாயங்காலம் வரை சேலம் ஸ்டேஷனிலேயே, ஒரு கையில் அக்கா செருப்பு, ஒரு கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். செருப்புத் திருடன் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருட்டுகிற நேரத்தில் ரயில் வந்தது. கதவுக்கு நேராக இரண்டு செருப்பையும் ஜோடியாக வைத்துத் தயாராக நின்றேன். யார் யாரோ இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது. அந்தச் செருப்பில் கால் வைக்க ஆள் வரவில்லை. அப்படி ஒரு திகில் என் ஆயுசில் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். விளக்கு போடவில்லை. "அமிர்தம் எங்கடா?" என்றார். ஐந்து பொய் தயாராக வைத்திருந்தேன், அபிநயா. ஒன்றுகூட வரவில்லை. கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். என் போனைப் பிடுங்கிக்கொண்டார். நீ அனுப்பிய கல்யாணப் படம் அதில் இருந்தது. நின்ற நிலையில் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். போன் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்போது நல்ல செய்தி. கவனமாகப் படி. நேற்று உன் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கண் கலங்கியிருந்தது. "கொளஞ்சி, நான் தப்பு பண்ணிட்டண்டா. மலையாவது, தரையாவது. அமிர்தத்த வரச் சொல்லு. பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிகினு வரச் சொல்லு. நானே சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன்" என்றார். மேளக்காரனுக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார். தெரு முழுக்க இதே பேச்சுதான். நான் நினைத்தால் எதையும் முடிப்பேன் என்று உனக்கு இப்போதாவது தெரிகிறதா?

மூன்று பேரும் உடனே கிளம்பி வாருங்கள்.

கொளஞ்சிநாதன்


பெரம்பூர்
29.8.2025

மாமா,

உங்கள் கடிதத்தை நான் படிக்க, அம்மாவும் தமிழ்வேந்தனும் கேட்டார்கள். அப்பாவா? "மலையில கடுக்கா பொறுக்கறவங்க வூட்டுக்கு என் பொண்ணா" என்று சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்த அப்பாவா? தமிழ்வேந்தன் அந்தப் பேச்சை வாசலில் நின்று கேட்டவன். அவன் எழுந்துபோய், ஊருக்குப் போட்டுக்கொள்ள வேட்டி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தான். அதைப் பார்த்து எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த அதிவேக ரயிலிலேயே சேலத்துக்கு மூன்று டிக்கெட் எடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். இந்தத் தடவை கட்டணத்தைப் பற்றி நானும் பேசவில்லை. அம்மாதான் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருடி. உன் மாமன் எழுதினா பாதிய தள்ளிட்டுத்தான் படிக்கணும். எந்தப் பாதின்னுதான் எனக்கு இத்தினி வருசமா தெரியல."

அப்பாவிடமே போன் செய்து கேட்போம் என்றேன். "வேணாம். அவரு கொரலக் கேட்டா நான் ஒண்ணும் கேக்காம வந்துடுவேன்" என்றாள். அவள் ஏன் அன்றைக்கு ரயில் ஏறவில்லை என்பதை இங்கே ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "வழி நெடுக ஒருத்தரும் என்ன வேலை ஏவல. அம்மா சாப்பிடுறீங்களா, அம்மா தண்ணி வேணுமான்னு என்னக் கேட்டாங்க. அந்தக் காசு அதுக்கே செல்லும். திரும்பிப் போறதுன்னா, என் பொண்ணுக்கும் வழி இருக்கற வூட்டுக்குத்தான் போவேன்."

ஆகையால் மாமா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் இவனை அழைத்துக்கொண்டு ஊர் நடுவில் வந்து இறங்கப் போகிறேன். அப்பா திரும்ப ஒரு வார்த்தை அப்படிச் சொன்னால் இவன் தாங்கிக்கொள்வான், நான் தாங்கமாட்டேன். அம்மா எந்தப் பக்கம் நிற்பாள்? அப்பா தன் வாயால் "வரச் சொல்லு" என்றாரா? எதையும் சேர்க்காமல், இந்த ஒரு தடவை மட்டும் எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் டிக்கெட்.

அபிநயா


சின்னசேலம்
1.9.2025

அபிநயா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அந்த மூன்றும் இதைவிட நன்றாக இருந்தன.

உன் அப்பா களமருதூர் அறுப்புக்கு மறுநாள் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. அவரே சோறு வடிக்கிறார், குழைந்துவிடுகிறது. என்னையும் உட்கார வைத்துப் போடுகிறார். என் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

நேற்று சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"அந்த ரயிலு டிக்கெட்டு எவ்ளோடா?"

உண்மையான தொகையைச் சொன்னேன். சொம்பு கையில் அப்படியே நின்றுவிட்டது.

"அவ்ளோவா? ஒரு ஆளுக்கா?"

"ஆமாம் மாமா."

"திரும்பி வர்றதுக்கும் எடுத்திருந்தியா?"

"எடுத்திருந்தேன்."

"அது இன்னா ஆச்சி?"

"அக்கா ஏறல. வீணாப் போச்சி."

"அமிர்தமா? காசு குடுத்த டிக்கெட்ட அமிர்தமா வீணாக்கினா?"

நான் ஆமாம் என்றேன். படத்தைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி சுவரில் சாய்ந்தார். கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து அக்காவை அவருக்குத் தெரியும். அவள் கோபித்துக்கொண்டு இருக்கிறாள், நாலு நாளில் வந்துவிடுவாள் என்றுதான் அதுவரை நினைத்திருப்பார் போல. "அப்போ அவ வரமாட்டாடா" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சொம்பைப் பார்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இங்கே வந்தால் உதைப்பேன் என்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் எதையாவது சேர்த்து எழுதக் கை பரபரவென்கிறது. சேர்க்கவில்லை.

"வரச் சொல்லு, மாப்பிள்ளையையும் கூட்டிகினு வரச் சொல்லு" என்று அவர் சொன்னதாக எழுதினேனே, அது நான் கட்டிய கதை. கண்ணும் கலங்கவில்லை, மேளக்காரனும் கிடையாது. டிக்கெட் எடுக்காதே.

கொளஞ்சிநாதன்